இரு பாஷையில் ஒரு மீரா

ஒரே பாடகி ஒரே பக்தையின் கதையை இரண்டு பாஷைகளில் பாடி வைத்திருக்கிறார். இரண்டில் எது உயர்த்தி? இந்தக் கேள்வியை நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள். ஐந்து அபிப்பிராயங்கள் கிடைக்கும். நாலு பேரில் ஒருவர் வக்கீலாயிருந்துவிட்டால் ஆறு கிடைத்தாலும் கிடைக்கும். சங்கீத விஷயத்தில் நம்மவர்களுக்கு அபிப்பிராயப் பஞ்சம் ஏற்பட்டதாகச் சரித்திரமே கிடையாது.

நாம் சொல்வது ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் 'மீரா'வைப் பற்றி. தமிழ் 'மீரா' 1945-ஆம் வருஷம் தீபாவளிக்கு வெளிவந்தது. ஹிந்தி 'மீரா' 1947-ல் வந்தது. கதாநாயகி அவரே, இரண்டையும் டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்குத் தமிழும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. ஆகையால் பாரபட்சம் காட்டினார் என்று யாரும் அவர்மேல் குற்றம் சாட்ட முடியாது! ஹிந்திப் படத்தின் தொடக்கத்தில் ஸ்ரீமதி சரோஜினி நாயுடு தோன்றி, இந்தத் தமிழ்நாட்டுப் பெண்மணியை வடநாட்டாருக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

ஆனால் பாட்டுக்களோ வேறு வேறு. தமிழ்ப் படத்தின் பாட்டுக்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் பாபநாசம் சிவன். 'காற்றினிலே வரும் கீதம்' 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதியது. ஹிந்திப் படத்திலோ மீராபாய் பாடியனவாக வழங்கும் பஜனைகளே முக்கிய ஸ்தானம் பெற்றன. ஆகவே ஒன்று மூலம், மற்றொன்று மொழிபெயர்ப்பு என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளவும் வழியில்லை. ஒரு மாளிகைக்கு இரண்டு வாசல் என்று வேண்டுமானால் சொல்லலாம். எந்த வாசல் வழியாகப் போனவர் எதைக் கண்டார் என்று விசாரிப்பதே நம்முடைய நோக்கம்.

இந்த விசாரணையைச் சென்னையிலோ கும்பகோணத்திலோ நடத்தியிருந்தால் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. நாம் அதை நடத்திய இடம் கீழப்பழுவூர். இடத்தைக் கேட்டதும் சில வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். காரணத்தைச் சொல்கிறோம்.

கீழப்பழுவூர் அரியலூருக்குத் தெற்கே இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து அரியலூருக்குப் போகும் சாலையும், திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரத்துக்குப் போகும் சாலையும் அங்கே சந்திக்கின்றன. சிமெண்டு ஆலைகள் நிறைந்த சீமையாதலால், இரவு பகல் என்றில்லாமல் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் சாலையை விட்டுச் சற்று உள்ளே சென்று ஆலந்துறையார் கோயிலுக்குள் நுழைந்துவிட்டால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் போய்விடலாம். திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் இத்தலத்தைப் பாடினார். அந்தப் பதிகத்தில் மலையாளர் இங்கே வந்து இறைவனைத் துதித்ததை அவர் குறிப்பிடுகிறார். பின்னால் இந்த ஊரைத் தலைநகராகக் கொண்டு சோழர்களுக்குத் துணைநின்ற பழுவேட்டரையர்களும் சேர நாட்டுத் தொடர்புடையவர்கள் என்பது சரித்திர ஆசிரியர்கள் பலரின் கருத்து. ஆக, வேற்று நாட்டார் வந்து பாடுவதும், வந்தவர்கள் இந்த மண்ணோடு மண்ணாக ஒன்றிவிடுவதும் பழுவூருக்குப் புதிதல்ல.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பழுவேட்டரையர் என்ற பெயரைத் தமிழ்நாட்டின் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது 1950 முதல் 1954 வரையில் தொடர்கதையாக வந்த 'பொன்னியின் செல்வன்.' அதை எழுதிய பேனாதான் 'காற்றினிலே வரும் கீத'த்தையும் எழுதிற்று.

இவையெல்லாம் இனிய சமாசாரங்கள். இனியதல்லாத ஒன்றும் இருக்கிறது. 1964-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 25-ஆம் தேதி, திருச்சி ரயில்வே ஸ்டேஷன் வாசலில், ஹிந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ் வாழ்க என்று முழங்கியவண்ணம் ஒரு வாலிபர் தம் உடலில் தீ மூட்டிக்கொண்டு உயிர் துறந்தார். மனைவியையும் இளங் குழந்தையையும் விட்டுச் சென்ற அந்த வாலிபரைத் தமிழ்நாடு இன்றளவும் கீழப்பழுவூர் சின்னசாமி என்றே அழைக்கிறது. ஊரின் பெயரே அவருடைய பெயருக்கு முன்னொட்டாகிவிட்டது. மொழிப்போர்த் தியாகிகள் நாளாக வருஷந்தோறும் அனுஷ்டிக்கப்படுவதும் ஜனவரி 25-ஆம் தேதிதான்.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டுத் திண்ணையில், ஹிந்திப் பாட்டு வைத்துக் கேட்பதென்றால் அது விளையாட்டுக் காரியமா? உறவினர் வீட்டுக்கு ஒரு கிருகப் பிரவேசத்துக்காகப் போயிருந்த நாம், மறுநாள் மாலை இந்த யோசனையை வெளியிட்டபோது, வீட்டுக்கார நண்பர் ஒரு கணம் பேசாமலிருந்தார். பிறகு, "கேட்கலாம், அண்ணே, ஆனால் எதிர்வீட்டுப் பெரியப்பாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்போம். அவருக்குத் தெரியாமல் கேட்பது மரியாதையில்லை" என்றார். பெரியப்பா என்பவர் 1965-ஆம் வருஷக் கிளர்ச்சியின்போது பள்ளி மாணவராயிருந்து ஊர்வலத்தில் போனவர். போலீஸ் தடியடி வாங்கிய முழங்காலை இன்னும் மழை நாட்களில் தடவிக் கொள்கிறவர்.

பெரியப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டார். "தமிழ்ப் பாட்டு வரையில் இங்கே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் திண்ணைக் கோடிக்குப் போய் வெற்றிலை போட்டுக் கொள்வேன். அதற்காக நீங்கள் வருத்தப்படக் கூடாது" என்றார். நாம் சம்மதித்தோம். ஒரு சின்னப் பெட்டியைக் கைப்பேசியோடு இணைத்துத் திண்ணை நடுவில் வைத்தார்கள். அந்தக் காலத்துக் கிராமபோனைப் போல் சாவி கொடுக்க வேண்டியதில்லை, முள் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பாடுகிறவரின் குரல் என்னவோ அதே குரல்தான்.

முதலில் தமிழ்ப் பாட்டுக்கள் மூன்று. திண்ணையிலும் வாசலிலுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். 'காற்றினிலே வரும் கீதம்' முடிகிற வரையில், சாலையில் போன லாரிகளைத் தவிர, ஒருவரும் சப்தம் செய்யவில்லை. பிறகு ஹிந்திப் பாட்டுக்கள் மூன்று. பெரியப்பா சொன்னபடியே எழுந்து திண்ணைக் கோடிக்குப் போனார். ஆனால் திண்ணை அவ்வளவு நீளமான திண்ணை அல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

முதலில் அபிப்பிராயம் சொன்னவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "ஐயா, தமிழ்ப் பாட்டில் சொல்லும் சுரமும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. எந்த இடத்தில் மனம் உருக வேண்டுமென்று சொல்லே நமக்குச் சொல்லிவிடுகிறது. ஹிந்திப் பாட்டில் எனக்குக் கிடைப்பது குரல் மட்டுமே. குரல் அமிர்தம்தான்; ஆனால் அமிர்தத்தை எந்தப் பாத்திரத்தில் ஏந்துவது? பாத்திரம் பாஷை அல்லவா?" என்றார். தமிழாசிரியர் தமிழாசிரியராகவே பேசினார். அவர் வாதத்தில் பழுது சொல்வதற்கில்லை.

அடுத்தாற்போல் பேசியவர் வீட்டுக்கார நண்பரின் தாயார். குழந்தைகள் அப்பாயி என்று அழைக்கும் அந்த அம்மாளுக்கு எண்பது வயதுக்குமேல் ஆகிறது. "எனக்கு அந்தப் பாஷை ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் தமிழில் பாடும்போது அந்தம்மா நமக்குக் கதை சொல்கிறாற்போல் இருக்கிறது. மற்றதில் நம்மை விட்டுவிட்டு யாரையோ கூப்பிடுகிறாள். கூப்பிட்டவர் இன்னும் வரவில்லை போலிருக்கிறது, பாவம்" என்றார். இதைவிடச் சிறந்த சங்கீத விமர்சனத்தைச் சமீபத்தில் எந்தப் பத்திரிகையிலும் நாம் வாசித்ததில்லை.

மூன்றாவது அபிப்பிராயம் எதிர்பாராத மூலையிலிருந்து வந்தது. பின்கட்டு அறையில் பீகாரிலிருந்து வந்த வாலிபர் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார்; சிமெண்டு ஆலையில் வேலை. ஏழு வருஷமாக இங்கே இருப்பதால் தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார். "நீதான் இந்தப் பாஷைக்குச் சொந்தக்காரன், நீ சொல்லு, தம்பி" என்று எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கூச்சத்தோடு சிரித்து, "ஐயா, இது எங்கள் வீட்டுப் பேச்சு இல்லை. பள்ளிக்கூட ஹிந்தியும் இல்லை. எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் எங்கள் அம்மா விடியற்காலையில் இதில் ஒரு பாட்டைப் பாடுவாள். அவளுக்கும் முழுக்கப் புரிந்திருக்காது" என்றார்.

திண்ணையில் ஒரு சலசலப்பு ஏற்பட்டது. விஷயம் உண்மைதான். மீரா ராஜபுத்திர நாட்டுப் பெண். அவள் பெயரால் வழங்கும் பதங்களில் ராஜஸ்தானியும் விரஜ பாஷையும் கலந்திருக்கின்றன. சர்க்கார் காகிதத்தில் எழுதும் ஹிந்திக்கும் அதற்கும் வெகு தூரம். நாம் ஒரே கல்லாக நினைத்து எதிர்த்தும் ஆதரித்தும் வந்த அந்தப் பாஷைக்குள்ளேயே பல பாஷைகள் கரைந்து கிடக்கின்றன என்பதைப் பின்கட்டு வாலிபர் ஒரு நிமிஷத்தில் நமக்கு விளக்கிவிட்டார். அதோடு நிற்காமல், "அந்தக் காற்றுப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லுங்கள்" என்று தமிழாசிரியரையும் கேட்டார். தமிழாசிரியர் அவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார்.

வீட்டுக்கார நண்பரின் குமாரி திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு இரண்டும் பிடித்திருந்தன. ஆனால் அவள் கிளப்பிய பிரச்னை வேறு. "மாமா, பிரேசில் தேசத்தில் 'போஸா நோவா' என்று ஒரு சங்கீதம் உண்டு. அதிலேயும் இதே சண்டைதான்" என்று சொல்லி, தன் கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டையும் வைத்துக் காட்டினாள். சாம்பா தாளத்தைத் தணித்து, கித்தாரையும் மெல்லிய குரலையும் வைத்துக்கொண்டு 1950-களின் கடைசியில் அங்கே பிறந்த சங்கீதம் அது. ஜோவோ ஜில்பெர்டோ என்பவரும் அவர் மனைவி அஸ்த்ருத் ஜில்பெர்டோவும், அமெரிக்க ஸாக்ஸபோன் வித்வான் ஸ்டான் கெட்ஸுடன் சேர்ந்து 1963 மார்ச் மாதம் நியூயார்க்கில் அதைப் பதிவு செய்தார்கள். இபனேமா கடற்கரையில் நடந்து போகும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. கணவர் முதலில் போர்த்துகீஸில் பாடுகிறார். மனைவி பிறகு இங்கிலீஷில் பாடுகிறார். 1964-ல் இசைத்தட்டு வெளிவந்தது. பாட்டைத் தனித் தட்டாக வெளியிட்டபோது, கணவர் பாடிய போர்த்துகீஸ் பகுதியைக் கம்பெனியார் வெட்டிவிட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேற்பட்ட பாட்டு மூன்று நிமிஷத்துக்குள் அடங்கிற்று. உலகமெங்கும் புகழ் பெற்றது அந்த வெட்டுப்பட்ட பாட்டுத்தான். மறு வருஷம் அந்த அம்மாள் தனியாக வெளியிட்ட இசைத்தட்டிலும் இரண்டு பாஷைகளும் கலந்தே வந்தன.

"இங்கிலீஷில் கேட்டால் புரிகிறது, போர்த்துகீஸில் கேட்டால்தான் பாட்டாயிருக்கிறது என்று என் சிநேகிதிகளில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மற்றப் பாதிப் பேர் புரியாத பாட்டு எதற்கு என்கிறார்கள்" என்று அந்தப் பெண் முடித்தாள். அப்பாயி இந்தப் பாட்டையும் கேட்டுவிட்டு, "இந்தப் பெண் தூக்கக் கலக்கத்தில் பாடுகிறாள், ஆனால் நன்றாய்த்தான் இருக்கிறது" என்று தீர்ப்புச் சொன்னார்.

இந்தச் சமயத்தில் தமிழாசிரியருக்கு ஒரு சந்தேகம் உதித்தது. "தமிழ்ப் பாட்டு உயர்ந்தது என்றேன். 'காற்றினிலே வரும் கீதம்' சொல்லாலும் மெட்டாலும் அசல் தமிழ்ச் சரக்கு அல்லவா?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டார். நாம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த மெட்டு ஜூதிகா ராய் என்ற வங்காளப் பாடகியின் ஹிந்தி இசைத்தட்டு ஒன்றைத் தழுவியது என்று சினிமாச் சரித்திரம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். ஆசிரியரின் முகம் சற்றுச் சுருங்கிற்று. அவருக்கு ஆறுதலாக என்ன சொல்லலாம் என்று நாம் யோசித்துக் கொண்டிருக்கையில், திண்ணைக் கோடியிலிருந்து பதில் வந்தது.

"அதனாலென்ன, வாத்தியாரே? மெட்டுத்தானே வந்தது? உத்தரவு வரவில்லையே!" என்றார் பெரியப்பா.

அன்று மாலை பேசப்பட்ட அத்தனை பேச்சிலும் சாரமான பேச்சு இதுதான் என்பது நம்முடைய துணிபு. 1938-ல் சென்னை மாகாணப் பள்ளிக்கூடங்களில் ஹிந்தி கட்டாயமாக்கப்பட்டபோது தமிழ்நாடு கொதித்தெழுந்தது. ஆண்களும் பெண்களும் சிறை சென்றார்கள். 1940-ல் கட்டாயம் நீங்கிற்று. ஐந்து வருஷம் கழித்து அதே தமிழ்நாடு, ஹிந்தித் தட்டிலிருந்து வந்த மெட்டில் அமைந்த ஒரு பாட்டைத் தலைமேல் வைத்துக் கூத்தாடியது. இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் சொல்லக்கூடும். முரண்பாடு ஏதுமில்லை. உத்தரவாக வந்ததைத் தமிழர்கள் திருப்பி அனுப்பினார்கள். விருந்தாளியாக வந்ததை உள்ளே அழைத்து, தமிழ் வேஷ்டி கொடுத்து, நடுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள்.

தமிழிசைக் கிளர்ச்சியின் நியாயமும் இதுதான். 1941-ல் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் அந்த இயக்கம் எழுந்தபோதும், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும், தியாகராஜ ஸ்வாமியின் தெலுங்குக் கிருதிகளை யாரும் பாடவே கூடாதென்று கேட்டதாக நாம் நினைக்கவில்லை. தமிழ்நாட்டுக் கச்சேரியில், தமிழ் மக்கள் முன்னிலையில், தமிழ்ப் பாட்டுக்கு மட்டும் கடைசி அரை மணியில் 'துக்கடா' ஸ்தானம் கொடுக்கிறீர்களே, இது அடுக்குமா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு ஆதரவாக நின்று தமிழ்ப் பாட்டுக்களை மேடையில் ஏற்றியவர்களில் முக்கியமானவர் இதே சுப்புலக்ஷ்மிதான். தமிழுக்கு முன் வரிசை கேட்ட அதே குரல், 1947-ல் காந்தியடிகள் விரும்பிக் கேட்டதன்பேரில் ஒரு மீரா பஜனையைப் பாடிப் பதிவு செய்து தில்லிக்கு அனுப்பிற்று. அடுத்த வருஷம் ஜனவரியில் மகாத்மா மறைந்தபோது ரேடியோவில் ஒலித்தது அந்தப் பாட்டு. அன்று அதைக் கேட்டு அழுத தமிழர்களில் எத்தனை பேருக்கு அதன் சொற்கள் விளங்கியிருக்கும்? ஆனால் அது என்ன பாட்டு என்று எல்லோருக்கும் விளங்கிற்று.

ஆகவே இரண்டில் எது உயர்த்தி என்ற கேள்விக்கு நம்முடைய பதிலையும் சொல்லிவிடுகிறோம். தமிழ் 'மீரா'வில் மேவார் ராணி நம் தெருவுக்கு வருகிறாள். நம் பேச்சைப் பேசுகிறாள். நம் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறாள். ஹிந்தி 'மீரா'வில் நம் மதுரைப் பெண் ஒருத்தி மேவாருக்குப் போகிறாள். அவ்வூர்ப் பேச்சைக் கற்று, அவ்வூர்ப் பாட்டை அவ்வூராரே மெச்சும்படி பாடுகிறாள். முதலாவது நமக்கு நெருக்கமானது; இரண்டாவது நமக்குப் பெருமையானது. நெருக்கத்தையும் பெருமையையும் தராசில் நிறுத்துப் பார்க்கிறவன் இரண்டையும் இழப்பான். இபனேமாப் பாட்டுக்கு நேர்ந்தது போல, ஒரு பாஷை பிழைக்க இன்னொரு பாஷையை வெட்டியெறிய வேண்டிய அவசியம் 'மீரா'வுக்கு நேரவில்லை. தமிழ் முழுசாகத் தமிழில் இருக்கிறது. ஹிந்தி முழுசாக ஹிந்தியில் இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் இரண்டுக்கும் உயிர் இருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனையை மறந்துவிடலாகாது. கீழப்பழுவூர்த் திண்ணையில் அந்த வடநாட்டுப் பாட்டை எல்லோரும் அமைதியாகக் கேட்க முடிந்ததென்றால், அதற்குக் காரணம் கேட்காமலிருக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததுதான். அந்த உரிமைக்காக இந்த ஊர் கொடுத்த விலை என்னவென்று மேலே சொல்லியிருக்கிறோம். எழுந்து போகக் கதவு திறந்திருக்கும் வீட்டில்தான் விருந்தாளிகள் நிம்மதியாக உட்காருவார்கள்.

இரவு எட்டரை மணிக்குச் சபை கலைந்தது. பின்கட்டு வாலிபர் இரவு வேலைக்குப் போனார். தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்த முதல் அடியை முணுமுணுத்துக்கொண்டே போனார். அப்பாயி தூங்கப் போனார். பெட்டியை எடுத்து வைக்கப் போன பெண்ணைப் பெரியப்பா கையமர்த்தினார். தொண்டையைக் கனைத்துக் கொண்டார்.

"அந்த இரண்டாவது பாட்டை, அதுதான், அப்பாயி சொன்னார்களே, யாரையோ கூப்பிடுகிறாளென்று, அதை இன்னொரு தடவை வை, பார்க்கலாம்" என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, "நீங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறவர். எழுதினால் சரியாக எழுத வேண்டும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானாகவே கேட்டேன் என்று எழுதுங்கள்" என்றார்.

அப்படியே எழுதியிருக்கிறோம்.